மழை நாளில் பழைய கார் கிளம்பவில்லையா? பொறி வரும் வழியை நாமே பார்த்துக்கொள்வோம்!



கறவை மாடு, தையல், மசாலாப் பொடி, வங்கிக் கடன் என்று இந்த மடலில் பலதும் எழுதியிருக்கிறோம். இந்த முறை கார் பற்றி எழுதுகிறோம். "காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் குழு உறுப்பினர்கள் சிலரின் வீட்டில் பழைய அம்பாசிடர் கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமனார் காலத்தில் வாங்கியது. விற்கவும் மனசு வராது. காதுகுத்து, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். ஓட்டுவது ஆண்களாக இருக்கலாம். ஆனால் வண்டி நின்றுபோனால் வீடே தவிக்கிறது. ரிப்பேர் செலவும் பெரும்பாலும் நம் சேமிப்பிலிருந்துதான் போகிறது.

நடந்தது என்ன?

ஐப்பசி மாதம், நல்ல மழை. நம் உறுப்பினர் ஒருவரின் மருமகளுக்கு இராத்திரி பதினோரு மணிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. உடனே 108க்கு போன் செய்தோம். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. ஆனால் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதால் சுற்றித்தான் வரவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பதால், வீட்டு அம்பாசிடரிலேயே கூட்டிப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. பத்துப் பேர் தள்ளினார்கள். அப்போதும் இல்லை. மருமகள் திண்ணையில் உட்கார்ந்து வலியில் அழுகிறாள். அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து பழைய லாரி மெக்கானிக் பெரியவர் ஒருவர் குடையோடு வந்தார். பானெட்டைத் திறந்து, கறுப்பு மூடி ஒன்றைக் கழற்றி, தோளில் இருந்த துண்டால் உள்ளே துடைத்தார். நாலு வயரையும் துடைத்தார். மூடியைத் திரும்ப மாட்டி, "இப்ப போடு தம்பி" என்றார். வண்டி பிடித்துக்கொண்டது. சுகாதார நிலையத்தில் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

மறுநாள்தான் நமக்கு வயிறு எரிந்தது. அதே வண்டி முந்தின இரண்டு மாதமாகவே காலையில் மக்கர் செய்துகொண்டிருந்தது. ஒரு பட்டறையில் கார்ப்பரேட்டர் மாற்றச் சொன்னார்கள், பிறகு பெட்ரோல் பம்ப் மாற்றச் சொன்னார்கள். அதற்காக அந்த அக்கா குழுவில் 6,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார். இரண்டும் மாற்றியும் கோளாறு போகவில்லை. பொறி வரும் வழியை யாருமே திறந்து பார்க்கவில்லை!

"எங்களுக்கும் கத்துக்குடுங்க தாத்தா" என்று பெரியவரிடம் கேட்டோம். "கத்துக்கோங்கம்மா, இதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லே" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, நாலு பேர் கூடிக் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்கும் சொல்கிறோம்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்?

அம்பாசிடர், மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. நாம் இங்கே சொல்வது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும், 'பாயின்ட்' வைத்த டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய அம்பாசிடருக்கு.

டீசல் அம்பாசிடருக்கு இது பொருந்தாது. டீசல் இன்ஜினில் பிளக் பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் எரிந்துவிடும். பழைய பியட், கார்ப்பரேட்டர் வைத்த பழைய மாருதி போன்ற பெட்ரோல் வண்டிகளில் பிளக், வயர், மூடி துடைக்கும் வேலை ஏறக்குறைய இதேதான். ஆனால் இடைவெளி அளவு மாறும். அந்தந்த வண்டியின் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டி வைத்த புது வண்டியில் கை வைக்கவே வேண்டாம்.

பொறி எப்படி வருகிறது?

இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகிறது. அதைப் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். அடுப்புக்கு லைட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் மட்டுமே. அது பிளக்கில் பொறி விட்டுத் தாவப் போதாது. அதனால் 'காயில்' என்ற உருளை இருக்கிறது. அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் பேட்டரி கரண்ட் ஓடும்; அதைச் சட்டென்று வெட்டினால் இன்னொரு சுருளில் பல ஆயிரம் வோல்ட் உண்டாகும். அப்படி வெட்டி வெட்டி விடுவதுதான் பாயின்ட்டின் வேலை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன உலோக முகங்கள் தொட்டு, விலகி, தொட்டு, விலகி இயங்கும். விலகும் ஒவ்வொரு தடவையும் ஒரு பொறி.

அந்தக் கரண்ட் நடு வயர் வழியாக மூடிக்கு வரும். மூடிக்குள் சுற்றும் 'ரோட்டர்' அதை வாங்கி, நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கொடுக்கும். பந்தியில் இலை இலையாகப் பரிமாறுவது போல. அம்பாசிடரில் முறை 1, 3, 4, 2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1ஆம் நம்பர் பிளக்.

இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பாயின்ட் ஒரு நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். இவ்வளவு உழைக்கும் சாமான் தேயாமல் இருக்குமா? அதனால்தான் அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள்.

'கண்டென்சர்' என்ற சின்ன டப்பாவும் இருக்கிறது. பாயின்ட் விலகும்போது அங்கேயே தீப்பொறி பறந்து முகம் கருகிவிடாமல் காப்பது அது.

தொடங்கும் முன்: இதைக் கட்டாயம் படியுங்கள்

பெரியவர் முதல் அரை மணி நேரம் வண்டியைத் தொடவே விடவில்லை. பாதுகாப்பைத்தான் சொன்னார்.

* சேலை முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகுங்கள். மேலே ஒரு பழைய சட்டை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பின்னலைக் கொண்டை போடுங்கள். துப்பட்டா வேண்டாம். முன்னால் ஃபேன் சுற்றுகிறது. துணியோ முடியோ மாட்டினால் நம்மையே இழுத்துவிடும்.
* வளையல், மோதிரம் கழற்றி வையுங்கள். கழுத்தில் தொங்கும் சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். உலோகம் பேட்டரியில் குறுக்கே பட்டால் பழுக்கக் காய்ந்து சதையைச் சுட்டுவிடும்.
* இன்ஜின் ஆறின பிறகு, சாவியை எடுத்து நம் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். சாவி வண்டியில் இருந்தால் பிள்ளைகள் திருப்பிவிடுவார்கள்.
* ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.
* இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைத் தொடாதீர்கள். தூக்கி அடிக்கும். இருதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள் கிட்டேயே வரக்கூடாது.
* பெட்ரோல் வாடை அடித்தால் வேலையை நிறுத்துங்கள். விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. இருட்டில் டார்ச் மட்டும்.

என்னென்ன வேண்டும்?

பிளக் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், நைஸ் உப்புத்தாள், பழைய காட்டன் துணி, பழைய டூத் பிரஷ், வாசலின், ஆப்ப சோடா, இன்ஜின் ஆயில் கொஞ்சம். இவற்றோடு ஒரு 'ஃபீலர் கேஜ்'. இது விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள்; ஒவ்வொன்றிலும் கனம் எழுதியிருக்கும். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும். குழுவுக்கு ஒன்று வாங்கி வைத்தால் எல்லோருக்கும் ஆகும்.

வேலை 1: பேட்டரி

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. முதலில் வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கும் கேபிளைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். அது பெரும்பாலும் நெகட்டிவாக இருக்கும். மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவாக இருக்கும். அதனால் பார்த்துச் செய்யுங்கள்.

வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து, பிரஷ்ஷால் முனைகளைத் தேயுங்கள். பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் அந்தத் தண்ணீர் போகக்கூடாது. துடைத்து, காயவைத்து, கேபிளை இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். உள்ளே தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றாதீர்கள். பேட்டரி தண்ணீர் ஆசிட். கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

வேலை 2: வயர்கள்

கழற்றும் முன்னால் நாலு வயருக்கும் நூலோ டேப்போ கட்டி 1, 2, 3, 4 என்று அடையாளம் போடுங்கள். நாங்கள் முதல் நாள் இதைச் செய்யாமல், இரண்டு வயரை மாற்றி மாட்டிவிட்டோம். வண்டி பட்டாசு மாதிரி வெடித்தது! பெரியவர் சிரித்துக்கொண்டே, "இப்ப மறக்க மாட்டீங்க" என்றார்.

வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையில் உள்ள தொப்பியைப் பிடித்து இழுங்கள். வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, எலி கடித்த தடம், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? பிசுக்கைத் துடைக்கலாம், வெடித்த வயரை மாற்றத்தான் வேண்டும்.

வேலை 3: பிளக்

பிளக்கைச் சுற்றி உள்ள தூசியை முதலில் ஊதித் துடையுங்கள். இல்லையென்றால் கழற்றும்போது மண் இன்ஜினுக்குள் விழும். நாலையும் கழற்றி, வரிசை மாறாமல் துணியில் வையுங்கள். பிளக்கின் முனையைப் பார்த்தால் இன்ஜினின் உடம்பு தெரியும். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத்தான்.

* இளம் பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு: நல்லது.
* உலர்ந்த கரி: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், சோக் முழுதும் உள்ளே போகாமல் இருக்கலாம்.
* எண்ணெய் வழியும் கறுப்பு: இன்ஜினுக்குள் ஆயில் ஏறுகிறது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.
* வெளுத்து, கொப்புளம் போட்டது: இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது. டைமிங், பெட்ரோல் கலவை, பிளக் நம்பர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* பெட்ரோலில் நனைந்தது: அந்தப் பிளக்கில் பொறி வரவில்லை, அல்லது சோக்கை அதிகம் இழுத்துவிட்டீர்கள்.

முனையை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, இடைவெளியை அளக்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு 25 தௌ, அதாவது சுமார் 0.6 மில்லிமீட்டர். தகடு லேசான பிடிப்போடு நுழைந்து வரவேண்டும். கூடக் குறைய இருந்தால் வெளிப்பக்கக் கொம்பை மட்டும் மெல்ல வளையுங்கள். நடுவில் உள்ள முனையைத் தொட்டால் வெள்ளைப் பீங்கான் உடைந்துவிடும். பீங்கானில் விரிசல் இருந்தால் அந்தப் பிளக் வேண்டாம்.

மாட்டும்போது முதல் சில சுற்றுகள் கையாலேயே சுற்றுங்கள். கோணலாக ஏறினால் மரை போய்விடும். பிறகு ஸ்பானரால் அளவாக இறுக்கினால் போதும். ஆனால் இப்போதே மாட்டிவிடாதீர்கள். பிளக் வெளியே இருந்தால்தான் அடுத்த வேலைக்கு இன்ஜினைச் சுலபமாகச் சுற்றலாம்.

கடையில் இன்றும் "மைக்கோ பிளக்" என்றே கேட்கிறார்கள். அந்தப் பெங்களூர் கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. எந்தப் பெயரில் வாங்கினாலும், வண்டியில் இருக்கும் பிளக்கின் நம்பரைக் குறித்துக்கொண்டு போய், அதற்குச் சரியானதையே கேளுங்கள்.

வேலை 4: கறுப்பு மூடியும் ரோட்டரும்

நாலு வயரும் போய்ச் சேரும் இடம்தான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. இரண்டு பக்கமும் உள்ள கிளிப்பை நெம்பினால் கழன்று வரும். அன்று இராத்திரி பெரியவர் துடைத்தது இதைத்தான்.

மூடிக்குள் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் நாலு உலோகக் குமிழ், நடுவில் ஸ்பிரிங் வைத்த சின்னக் கரித் துண்டு. கரித் துண்டை விரலால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். உலர்ந்த துணியால் முழுதும் துடையுங்கள். ஒரு குமிழிலிருந்து இன்னொன்றுக்குத் தலைமுடி போலக் கறுப்புக் கோடு தெரிகிறதா? அதுதான் கரண்ட் கள்ளத்தனமாக ஓடிய தடம். துடைத்தாலும் போகாது, மூடியை மாற்றுங்கள். மழை நாளில் மட்டும் மக்கர் செய்யும் பல வண்டிகளில் குற்றவாளி இந்தக் கோடுதான்.

ரோட்டரை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். அதன் முனையில் கருகல் இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். விரிசல் இருந்தால் மாற்றுங்கள். ரோட்டர் இருந்த தண்டின் தலையில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். ரோட்டர் ஒரு வழியில்தான் உட்காரும். பள்ளம் பார்த்து அமுக்குங்கள்.

வேலை 5: பாயின்ட்

இதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. கோலம் போடும் கைக்கு இது வராமல் போகாது.

பாயின்ட்டின் இரண்டு முகங்களையும் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறமாக, சமமாக இருந்தால் நல்லது. லேசாகக் கருகியிருந்தால் உப்புத்தாளை மடித்து நடுவில் வைத்துத் தேய்த்து, பிறகு சுத்தமான அட்டைத் துண்டை நுழைத்து இழுத்துத் தூளை எடுங்கள். ஒரு முகத்தில் மேடும் எதிர் முகத்தில் குழியும் ஆழமாக விழுந்திருந்தால் புதுப் பாயின்ட் போடுங்கள். அடிக்கடி இப்படிக் கருகினால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது இடைவெளி. நடுத் தண்டில் நாலு மூலை இருக்கும். பாயின்ட்டின் கறுப்புக் குதிகால் ஒரு மூலையின் உச்சியில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். அதற்கு இன்ஜினைக் கொஞ்சம் சுற்ற வேண்டும். சாவி கையில் இருக்கட்டும். பழைய அம்பாசிடரில் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம். பிளக் கழற்றியிருப்பதால் லேசாகச் சுற்றும். எப்போதும் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். பிளக் மாட்டிய வண்டியை ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டை விரல் முறிந்துவிடும். ஹேண்டில் இல்லையென்றால் கல்லையும் ஹேண்ட் பிரேக்கையும் எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, சமதளத்தில் இரண்டு பேர் மெல்லத் தள்ளினாலும் இன்ஜின் சுற்றும். சுற்றியதும் மறுபடி கல் வையுங்கள்.

குதிகால் உச்சிக்கு வந்ததும் தகட்டை நுழையுங்கள். அளவு 14 முதல் 16 தௌ, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். மூடிய நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவும் அளவு பிடிப்பு இருந்தால் சரி. இல்லையென்றால், பாயின்ட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சமே தளர்த்தி, தகட்டை நகர்த்தி, மறுபடி இறுக்குங்கள். இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும், இறுக்கும்போது நகர்ந்துவிடும். எங்களுக்கு ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது. ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் தேடி எடுக்காமல் மூடிவிடாதீர்கள்.

குதிகால் தேயத் தேய இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். அப்போது பொறி தாமதமாக வரும். வண்டி இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். முழுதும் ஒட்டிவிட்டால் பொறியே வராது. கடைசியாகத் தண்டின் மூலைகளில் கடுகளவு கிரீஸ் தடவுங்கள். பாயின்ட் முகத்தில் எண்ணெய் படக்கூடாது.

எல்லாவற்றையும் மாட்டியபின் பிளக், வயர் வரிசையைச் சரிபார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

நாம் தொடக்கூடாத இடம்

டிஸ்ட்ரிபியூட்டரின் அடிக் கழுத்தில் ஒரு போல்ட் இருக்கிறது. அதைத் தளர்த்தினால் 'டைமிங்' மாறிவிடும். அதைச் சரி செய்ய அனுபவம் வேண்டும், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மேட்டில் ஏறும்போது இன்ஜினில் கடகடவென்று தட்டுகிற சத்தம் வந்தால், அல்லது இடைவெளி சரியாக இருந்தும் வண்டி சோம்பலாக இழுத்தால், "டைமிங் பாருங்க அண்ணே" என்று கேட்கலாம். காயில், கண்டென்சர் இரண்டையும் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது: இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுவைக்காதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடாகி வெந்துபோகும், பேட்டரியும் இறங்கிவிடும்.

அவசரத்தில் கிளம்பவில்லையென்றால்

பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

1. செல்ஃப் மெதுவாக முனகுகிறதா? பேட்டரி அல்லது அதன் முனைகள்.
2. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சாவியை எடுத்துவிட்டு, மூடி, ரோட்டர், வயர்களை உலர்ந்த துணியால் துடையுங்கள்.
3. அப்போதும் இல்லையென்றால் பொறியைச் சோதிக்கலாம். வீட்டில் உதிரியாக ஒரு நல்ல பிளக் வைத்திருங்கள். ஒரு பிளக்கின் வயரை மட்டும் கழற்றி, உதிரிப் பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் படும்படி, கார்ப்பரேட்டரை விட்டுத் தள்ளி, அசையாமல் வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள். எல்லோரும் விலகி நின்றபின் ஒருவர் இரண்டு மூன்று நொடி செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று வந்தால் பொறி நன்றாக இருக்கிறது; பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். மஞ்சளாக, மெலிசாக வந்தால் அல்லது வரவே இல்லையென்றால் பாயின்ட், கண்டென்சர், காயில் பக்கம் கோளாறு.

இதைச் செய்து பார்த்துவிட்டுப் போனால், பட்டறையில் "பொறி வரலே" அல்லது "பொறி வருது, பெட்ரோல் வரலே" என்று தெளிவாகச் சொல்லலாம். தெரியாமல் போய் நிற்பதற்கும் தெரிந்து போய்ச் சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். உயிர் காக்கும் அவசரத்தில் முதலில் 108க்கு போன். கார் அதற்கு அப்புறம்தான்.

காருக்கும் ஒரு நோட்டு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது இந்த ஐந்து வேலையும் செய்தால் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒருமுறை கட்டாயம். குழுவுக்கு வரவு செலவு நோட்டு வைப்பது போல காருக்கும் ஒன்று போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன பார்த்தோம், எதை மாற்றினோம், எவ்வளவு செலவு. போன முறை பாயின்ட் எப்போது மாற்றினோம் என்று தெரிந்தால், தேவையில்லாமல் மறுபடி மாற்றச் சொல்பவரிடம் நோட்டைக் காட்டலாம். ஆர்.சி. புத்தகத்தையும் அதோடு வையுங்கள். சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டு முடிந்தபின், 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்று தேதிகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அந்த அக்காவின் வீட்டுக் கார் இப்போது காலையில் முதல் செல்ஃபிலேயே கிளம்புகிறது. மூடியும் பாயின்ட்டும் மட்டும்தான் மாற்றினோம். உள்கடனில் இன்னும் இரண்டு தவணை பாக்கி. "கார்ப்பரேட்டருக்குக் கட்டுன காசை நினைச்சா இன்னும் ஆத்தாமையா இருக்கு" என்கிறார். பேத்தியின் காதுகுத்துக்கு எல்லோரையும் அந்தக் காரிலேயே கூட்டிப் போவதாகவும் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படிப் பழைய பெட்ரோல் வண்டி இருந்தால், அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் பெரியவரை அழைத்து மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம். ஃபீலர் கேஜ் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள்.